தொடுவதற்கு முன் ஒரு கேள்வி

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பக்கவாதத்தால் வலது கையும் காலும் விழுந்துபோன அப்பத்தா கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறார் என்று வையுங்கள். வாயும் குழறிவிட்டது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வருகிறார் ஒரு பிசியோதெரபிஸ்ட், இளைஞர். முறையாகப் படித்தவர் என்றால், கை வைக்கும் முன் கேட்பார்: "அப்பத்தா, முழங்காலத் தொட்டுப் பாக்கட்டுமா?"

இந்தக் கேள்விக்கு ஒரு பிறந்த கதை உண்டு. அது தொடங்கியது ஓர் அவமானத்தில்.

1894, லண்டன். மசாஜ் அப்போது டாக்டர்களும் பரிந்துரைத்த சிகிச்சை. அதே பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு பாலியல் தொழில் நடத்திய இடங்களும் நகரத்தில் இருந்தன. 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' அதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. நேர்மையாக உழைத்த பெண்கள் மீதும் அந்தச் சேறு தெறித்தது. லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் என்ற நான்கு பெண்கள் ஒன்றுகூடி, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். 'நாங்கள் நல்லவர்கள்' என்று எத்தனை முறை சொன்னாலும் ஊர் வாயை மூட முடியாது. அதனால் தேர்வு வைத்தார்கள், விதி எழுதினார்கள், முதலில் தாங்களே அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

டாக்டர் சொல்லாமல் எவருக்கும் சிகிச்சை கூடாது. மிக அவசியமான நேரம் தவிர ஆண்களுக்கு உடல் முழுவதும் மசாஜ் கூடாது. மருத்துவ இதழ் தவிர வேறெங்கும் விளம்பரம் கூடாது. நோயாளிக்கு மருந்து விற்கக் கூடாது. முதல் மூன்று விதிகளும் சந்தேகம் நுழையும் வாசலை ஒவ்வொன்றாக அடைத்தன; நான்காவது, வலியைக் கடைச்சரக்காக்கும் ஆசையை அடைத்தது. 1920-இல் அந்தச் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

நம் நாட்டுக்கு இந்தத் தொழிலைக் கொண்டுவந்தது போலியோ. 1952-இல் பம்பாயில் அந்நோய் பரவி, குழந்தைகளின் கால்கள் சூம்பின. மறு ஆண்டே அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு முதல் பிசியோதெரபி பள்ளி தொடங்கியது. 1955-இல் இந்தியப் பிசியோதெரபிஸ்ட்கள் சங்கம் பிறந்தது. ஆனால் சங்கத்தின் விதி உறுப்பினரை மட்டுமே கட்டும். நாடு முழுவதற்குமான சட்டம் வர 2021 ஆனது. துணைநிலை, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் பதிவேட்டையும் நடத்தை விதிகளையும் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது; சுகாதாரத் தொழிலர் பட்டப்படிப்புக்குக் குறைந்தது 3,600 மணி நேரம் என்று வரையறுத்தது.

இதற்கிடையே, லண்டனில் எழுதிய முதல் விதியே உதிர்ந்திருந்தது. டாக்டர் அனுப்பினால்தான் பார்க்கலாம் என்ற கட்டுப்பாட்டை 1976-இல் ஆஸ்திரேலியப் பிசியோதெரபிஸ்ட்கள் தங்கள் நெறியிலிருந்து நீக்கினார்கள். ஒரு காலத்தில் காப்பாற்றிய வேலி, வளர்ந்த மரத்துக்கு இறுக்கமாகிவிட்டது. ஆனால் வேலியை எடுத்தபின் பொறுப்பு யாருடையது? அதுவரை டாக்டர் சொன்ன சொல்லுக்கு இருந்த இடத்தில், இனி நோயாளியின் சம்மதம் நிற்க வேண்டும். தொடும் கையே தன் செயலுக்குப் பதில் சொல்லவும் வேண்டும்.

மதுரை வட்டாரத்தில் இதன் எடை அதிகம். சுளுக்கு வழிப்பவரிடம் காலை நீட்டிப் பழகிய மக்கள் நாம். கை வைப்பவரைக் கேள்வி கேட்பது நமக்கு மரியாதைக்குறைவாகத் தோன்றும். அந்த நம்பிக்கையைச் சுரண்டுவது மிக எளிது. "பத்து நாள் கரண்ட் வைக்கணும்" என்றால், எதற்கு என்று கேட்காமல் பணத்தை எண்ணி வைத்துவிடுவோம். வீட்டிலேயே செய்யும் பயிற்சி போதும் என்றால் அதைச் சொல்லிக் கொடுத்து அனுப்புவதும், தன் கைக்கு மீறிய நோய் என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் அனுப்புவதும், துணியை விலக்க வேண்டிய இடத்தில் மட்டும் விலக்கி மற்றதைப் போர்த்துவதும்தான் தொழில் நெறி. ஆஸ்பத்திரியில் நாலு பேர் பார்ப்பார்கள். கயிற்றுக் கட்டிலருகே பார்ப்பதற்கு மனசாட்சி மட்டுமே இருக்கும்.

பேச முடியாத அப்பத்தா எப்படிச் சம்மதம் சொல்வார்? நல்ல பிசியோதெரபிஸ்ட் அவசரப்பட மாட்டார். கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருப்பார். நல்ல நிலையில் இருக்கும் இடது கை மெல்ல எழுந்து, சேலையைச் சற்று ஒதுக்கிவிட்டு, முழங்காலைக் காட்டும். அதற்குப் பிறகுதான் அவர் கை வைப்பார்.