கைப்பேசியில் ராசிபலன்: நம் விசுவாசம் என்ன சொல்கிறது?



காசிமேட்டிலிருந்து கடலுக்குச் செல்வோர் இன்று வானத்தோடு கைப்பேசியையும் பார்க்கின்றனர். காற்றின் வேகம், அலையின் உயரம் ஆகியவற்றைச் சொல்லும் செயலிகள் மீனவருக்கென்றே உள்ளன. அதே கைப்பேசியில், பிறந்த நாளையும் நேரத்தையும் கேட்டு, இன்று இந்த ராசிக்குப் பயணம் ஆகாது என்று சொல்லும் செயலிகளும் உண்டு. மூச்சுப் பயிற்சியும் மன அமைதியும் தருவதாகச் சொல்பவை வேறு. இம்மூன்றையும் ஒரே தராசில் நிறுத்தலாமா?

திருச்சபையின் போதனை

1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவான பதில் தருகிறது. எதிர்காலத்தை இறைவனின் பராமரிப்பில் ஒப்படைக்க வேண்டும்; ஆனால் முன்யோசனையின்றி இருப்பது பொறுப்பின்மையாகலாம் என்கிறது எண் 2115. சாதகம் கணித்தல், சோதிடம், கைரேகை, குறி கேட்டல் ஆகியவற்றை விலக்குகிறது எண் 2116.

எனவே அலையின் உயரத்தை அறிந்து படகை எடுப்பது விவேகம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபின், 2007இல் ஐதராபாத்தில் முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டதும் அத்தகைய விவேகமே. அது கடலை அளந்து சொல்கிறது. ராசிபலன் எதையும் அளப்பதில்லை. நம் உழைப்பையும் மனமாற்றத்தையும் பிறந்த நேரத்துக்குள் அடைத்துவிடுகிறது.

புனித அகுஸ்தினார் கண்ட உண்மை

புனித அகுஸ்தினாரும் இளமையில் சோதிடத்தை நம்பியவரே. நண்பர் ஒருவர் கூறிய செய்தி அவர் கண்களைத் திறந்தது. அந்த நண்பர் பிறந்த அதே நேரத்தில் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் குழந்தை பிறந்தது. இருவருக்கும் ஒரே சாதகம். ஆனால் ஒருவர் செல்வராய் வளர்ந்தார்; மற்றவர் அடிமையாகவே உழைத்தார்.

'ஞானிகள் விண்மீனைப் பார்த்துத்தானே வந்தார்கள்?' என்று சிலர் கேட்பதுண்டு. மத்தேயு நற்செய்தி 2ஆம் அதிகாரத்தில் விண்மீன் அவர்களுக்குத் தலைவிதியைச் சொல்லவில்லை. குழந்தை இயேசுவிடம் அழைத்துச் சென்றது. பெத்லகேம் என்ற ஊரை அவர்கள் அறிந்ததும் இறைவாக்கின் வழியாகவே.

மன அமைதிக்கான செயலிகள்

மூச்சைச் சீராக்குவதும் நன்றாக உறங்குவதும் பாவம் அல்ல. உடலின் நிலை செபத்துக்குத் துணைசெய்யும் என்பதை விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989இல் கிறிஸ்தவத் தியானம் பற்றி எழுதிய மடலும் ஏற்கிறது. ஆனால், பயிற்சியால் வரும் இதமான உணர்வையே தூய ஆவியாரின் ஆறுதல் என்று எண்ணிவிடக் கூடாது எனவும் எச்சரிக்கிறது. உடற்பயிற்சியாகக் கொள்வோம், செபத்தின் இடத்தை அதற்குக் கொடாதிருப்போம்.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

நள்ளிரவில் ராசிபலன் தேடும் சகோதரியைக் கடிந்துகொள்வது எளிது. கணவரின் ஒப்பந்த வேலை, மகளின் திருமணம், குழந்தையின் மூச்சிரைப்பு என அவர் மனத்தில் இருக்கும் பாரம் பெரிது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்தபோது வீட்டைவிட்டு ஓடியவர்களின் அச்சம் கற்பனை அல்ல. அத்தகைய அச்சத்தை நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி விற்பனையாக்குவதே தவறு. அவர் தேடுவது, தம் கவலையைக் கேட்க ஒருவரை. அந்த ஒருவராக அன்பியத்தில் நாம் இருக்கிறோமா?

எந்தச் செயலியைத் திறக்கும்போதும் மூன்று கேள்விகளை நம்மையே கேட்போம். இது உண்மையை அளந்து சொல்கிறதா? என் பொறுப்பை உணர்த்துகிறதா, பறிக்கிறதா? இதை மூடியபின் என் அச்சம் குறைகிறதா, மறுபடியும் பார்க்கத் தூண்டுகிறதா?

சோதிடத்தை நாடியவர்கள் ஒப்புரவு அருளடையாளத்தைத் தயங்காமல் அணுகலாம். தூக்கமின்மையும் மனச்சோர்வும் தொடர்ந்தால் மருத்துவ உதவி பெறுவது விசுவாசக் குறைவு அல்ல. மத்திய அரசின் 14416 என்ற இலவச மனநலத் தொலைபேசி உதவி 2022 முதல் செயல்படுகிறது, தமிழிலும் பேசலாம்.

இராயபுரத்தின் பெயரிலேயே புனித இராயப்பர் இருக்கிறார். காற்றைப் பார்த்து அஞ்சியபோது மூழ்கத் தொடங்கிய மீனவர் அவர். நாளை என்ன நடக்கும் என்று இயேசு அவருக்கு அங்கே சொல்லவில்லை. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். அந்தக் கரத்தை நாமும் பற்றிக்கொள்வோம். மூழ்குகிறவர்களுக்கு நம் கரத்தையும் நீட்டுவோம்.