அறங்கூறவையமும் மலைக்குடியும்

கொல்லிமலையை வல்வில் ஓரியின் மலையாகச் சங்கப் புலவர் போற்றினர். ஓரியைப் போரில் வீழ்த்தி, அம்மலையைச் சேரனுக்கு அளித்தவன் மலையமான் திருமுடிக்காரி. அம்மலையமான் குடியின் சிறுவர்கள் சோழன் கிள்ளிவளவனிடம் அகப்பட்டு யானைக் காலில் இடப்படவிருந்த வேளையில், கோவூர்கிழார் இடைபுகுந்து பேசி அவர்களை உய்வித்தார். உறையூரில் இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோதும் அவரே பேசிக் காத்தார். இச்செய்திகளைப் புறநானூற்றின் 46, 47ஆம் பாடல்களின் அடிக்குறிப்புகளால் அறிகிறோம். இவற்றோடு சிலப்பதிகாரத்தை ஒப்புநோக்குதல் தகும். மதுரையில் கோவலனுக்காகப் பேச எவருமிலர். கண்ணகி வழக்குரைத்து வென்றாள். ஆனால் அவ்வெற்றி தண்டனைக்குப் பின் வந்தது.

குற்றம் சாட்டப்பட்டவனின் உயிரும் விடுதலையும் மெய்ம்மையை மட்டும் சார்ந்தவையல்ல. உரிய பொழுதில் அவனுக்காகப் பேச ஒருவர் இருந்தாரா என்பதையும் சார்ந்தவை. நமது இலக்கியம் என்றோ உணர்ந்த இவ்வுண்மையைச் சட்டம் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது. ஏற்ற பின்னும் அது மலைக்குடிகளின் வாயிலுக்கு முழுமையாக வந்து சேரவில்லை.

கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு எனப் பல நாடுகளாகப் பிரிந்து வாழ்பவர்கள். ஊர்ப் பூசல்களை ஊர்க்கவுண்டரும் நாட்டுப் பெரியவர்களும் கூடித் தீர்ப்பது அவர்தம் மரபு. அம்முறை குறைகளற்றது என்று கூறவியலாது. பெண்ணின் குரலும் எளியவனின் குரலும் அங்கும் தாழ்ந்தே ஒலித்தன. எனினும் வழக்குடையவன் தன் மொழியில், தன்னை அறிந்தவர் முன்னே தானே பேசினான். அதற்குத் தாளும் தேவைப்படவில்லை, கட்டணமும் தேவைப்படவில்லை.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. ஒதுக்கப்பட்ட காடுகளில் புனம் திருத்துவதும், மரம் வெட்டுவதும், ஆடுமாடு மேய்ப்பதும் குற்றங்களாயின. வாழ்க்கை முறையே வழக்காகிவிட்ட மலைக்குடியினன், தான் படித்தறியாத ஏடுகள் ஆளும் மன்றத்தில் நிற்கவேண்டியவனானான். 1997 சனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை கொல்லிமலைக்குச் சேலமே மாவட்டத் தலைநகர். காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவற்றைக் கடந்து இறங்கி ஏறுபவன், வழக்கறிஞர் கட்டணத்துக்கு முன்பே பேருந்துக் கட்டணத்தையும் ஒருநாள் கூலியையும் இழக்கிறான்.

சட்டத்தின் வரலாற்றை இனி நோக்குவோம். 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளலாம் என்றது. அமர்த்த வழியற்றவர் என்செய்வார் என்பதைக் கருதவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 22ஆம் உறுப்பும் தாம் விரும்பும் வழக்கறிஞர் வாயிலாக வாதாடும் உரிமையைத் தந்தது. அதுவும் பொருளுடையார்க்கே முழுமையாகப் பயன்பட்டது. 1951இல் சனார்த்தன ரெட்டி வழக்கில், ஏழைக்கு வழக்கறிஞர் அமர்த்தித் தராமை ஒன்றே விசாரணையைச் செல்லாததாக்கிவிடாது என்று உச்சநீதிமன்றம் கூறிற்று. அமெரிக்க உச்சநீதிமன்றமோ 1963இல் கிடியன் என்னும் ஏழையின் வழக்கில், கடுங்குற்றம் சாட்டப்பட்ட வறியவர்க்கு அரசே வழக்கறிஞரைத் தரவேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் மாற்றம் எழுபதுகளில் வந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், அமர்வு நீதிமன்ற விசாரணையில் வறியவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் அமர்த்த வகைசெய்தது. 2024 சூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்திலும் இவ்விதி தொடர்கிறது. 1976இல் 42ஆம் திருத்தம் இலவசச் சட்ட உதவியை 39-அ உறுப்பாக அரசமைப்பில் சேர்த்தது. 1978இல் ஹோஸ்கோட் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யரும், 1979இல் பீகார்ச் சிறைவாசிகளுக்கான உசைனாரா காத்தூன் வழக்கில் நீதிபதி பகவதியும் இதனை உயிர்வாழும் உரிமையின் கூறாக விளக்கினர். பாகல்பூரில் கண்கள் அழிக்கப்பட்ட கைதிகளின் வழக்கில், நடுவர் முன் முதன்முதலில் நிறுத்தப்படும்போதே இவ்வுரிமை தொடங்குகிறது என்று 1981இல் முடிவாயிற்று. 1986இல் அருணாசலப் பிரதேசத்து சுக்தாஸ் வழக்கு இன்னோரடி முன்னெடுத்து வைத்தது. கேளாதவர்க்கு உதவி இல்லை என்பது ஏற்கப்படவில்லை. உரிமை உண்டென்பதையே அறியாதவன் எங்ஙனம் கேட்பான்? அதனை எடுத்துரைப்பது நீதிமன்றத்தின் கடமையாயிற்று. அக்கடமை தவறிய விசாரணையின் தண்டனை நீக்கப்பட்டது.

1987இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் செயற்படும் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு மலைமக்களுக்கு மிகவும் இன்றியமையாதது. பட்டியல் பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்போர் ஆகியோர்க்கு வருமான வரம்பு பாராமலே சட்ட உதவி உண்டு என்கிறது அது. அதன்படி கொல்லிமலை மலையாளி ஒவ்வொருவரும் இவ்வுரிமைக்கு உரியவர்.

ஏட்டிலுள்ள உரிமைக்கும் மக்கள் பட்ட பாட்டுக்கும் இடையிலான தொலைவை அதே பழங்குடியினர் வாழும் வாச்சாத்தி காட்டியது. தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள அவ்வூரில் 1992 சூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனக்கட்டை தேடிப் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர், இழைக்கப்பட்ட கொடுமையையும் சுமந்தபடி, குற்றவாளிகளாகச் சேலம் சிறைக்குச் சென்றனர். வெளியிலிருந்து தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும், வழக்குத் தொடுத்த ஏ. நல்லசிவன் போன்றோரும் குரலெழுப்பிய பின்னரே உண்மை மன்றமேறியது. 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிருடனிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அதனை உறுதிசெய்தது. பேச ஆள் வந்தமையால் நீதி கிடைத்தது. ஆயின் அதற்கு முப்பத்தோராண்டு ஆயிற்று.

மாநில எல்லை கடந்தால் இத்தொலைவு இன்னும் பெரிது. சேசாசலக் காடுகளில் 2013 திசம்பரில் இரு வன அலுவலர்கள் கொல்லப்பட்ட வழக்கில் தமிழகக் கூலித் தொழிலாளர் பெருந்தொகையாகக் கைதாயினர். பலர் இரண்டாண்டுக்கு மேல் சிறையிலிருந்தனர். 2016 மார்ச்சில் திருப்பதி நீதிமன்றம் 287 பேரை விடுவித்தது. தெலுங்கறியாத மலைக்குடியினன் அங்கு உள்ளூர்ப் பிணையாளுக்கு எங்கே போவான்? பிணையாளின் உடைமை வேறு மாவட்டத்தில் உள்ளது என்று தள்ளலாகாது என 1978இலேயே மோதிராம் என்னும் கொத்தனாரின் வழக்கில் கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்திருந்தார். அத்தீர்ப்பை எடுத்துக்காட்ட வழக்கறிஞர் இல்லாதவனுக்கு அது இருந்தும் இல்லாததே. 2015 ஏப்ரல் 7 அன்று அதே காடுகளில் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது தமிழர்க்கு, அவர்களுள் சவ்வாது, சித்தேரி மலையினர் பலர், மன்றத்தில் நிற்கும் வாய்ப்பே கிட்டவில்லை.

2022ஆம் ஆண்டின் கணக்குப்படி இந்தியச் சிறைவாசிகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்புக்குக் காத்திருப்பவரே. அவ்வாண்டு முதல் மாவட்டங்களில், வறியவர்க்காக வாதாடுவதையே முழுநேரப் பணியாகக் கொண்ட சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர் அலுவலகங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. இது வரவேற்கத்தக்க முயற்சி. ஆயின் கோவூர்கிழார் உரிய வேளையில் அங்கிருந்தார் என்பதே அச்சிறுவர்களின் உயிரைக் காத்தது. காவல் நிலையத்தில் முதல் இரவிலும், நடுவர் முன் முதல் காலையிலும் வழக்கறிஞர் உடனிருத்தல் வேண்டும். அவர் மலைக்குடியினரின் பேச்சு வழக்கை அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும். மன்றம் ஏறும் நாளுக்கு முன்பே தம் உரிமை இன்னதென மலையின் ஒவ்வோர் ஊரிலும் மக்கள் அறிந்திருத்தல் வேண்டும். இம்மூன்றும் கைகூடும் வரை 12ஆம் பிரிவு மலையடிவாரத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.