பேரம்பலத்தில் பேசப்பட்டது: சொற்பொழிவும் ஒலிப்பதிவும்

1869ஆம் ஆண்டில் சிதம்பரம் நடராசர் கோயிலின் பேரம்பலத்தில் ஒரு கூட்டம் நடைபெற்றது. அக்கூட்டத்தில் தம்மை இழித்துப் பேசினார்கள் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வழக்குத் தொடுத்தார். சிதம்பரத்திற்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடலூரில், மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் அவ்வழக்கு விசாரிக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களுள் ஒருவர் வடலூர் இராமலிங்க அடிகளார். சைவ சமயத்தாரிடையே நிகழ்ந்த இவ்வழக்கைக் கிறிஸ்தவ இறையியல் ஏடொன்றில் நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பலர் கூடிய இடத்தில் ஒருவர் வாயால் சொன்னதை, சொல்லி முடிந்த பின்னர் எவ்வாறு நிலைநாட்டுவது என்னும் கேள்வியே அவ்வழக்கின் உள்ளீடு. மாநாடுகளில் கையடக்கமான ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டு அமரும் நமக்கும் அக்கேள்வி உரியதே.

நாவலர் (1822-1879) நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாருடன் இருந்து, வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் துணைபுரிந்தவர் அவர். பாதிரிமார் ஞாயிறுதோறும் பிரசங்கபீடத்தினின்று செய்ததை அவர் அருகிருந்து கண்டார். பின்னர் 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது முதற் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். செய்யுளை இசையோடு வாசித்துப் பொருள் விரிக்கும் புராண படனத்திற்குப் பழகிய மக்கள், ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உரைநடையில் நேராகத் தம்மை நோக்கிப் பேசும் முறையை அங்குக் கேட்டனர். தமிழ் மேடைப்பேச்சின் வரலாற்றை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்டு பேட், அதன் வேர்களுள் முதன்மையான ஒன்றைப் புரொட்டஸ்டாண்டுப் பிரசங்கத்தில் காண்கிறார். அவர் கூற்று முழுவதையும் ஏற்கவேண்டும் என்பதில்லை; கதாகாலட்சேபமும் பட்டிமண்டபமும் நம் நாட்டில் பழையன. எனினும் நாவலரைப் பொறுத்தவரை அவர் சொல்வது பொருந்துகிறது.

1864இல் நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதே வட்டாரத்தில், சிதம்பரத்திற்கு அணித்தான மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகளார், 1867 மே 23இல் வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே அவருடைய பாடல்கள் 'திருவருட்பா' என்னும் பெயரில் அச்சேறின. அருட்பா என்னும் பெயர் தேவார திருவாசகங்களுக்கே உரியது என்று நாவலர் தரப்பினர் கண்டித்தனர். கண்டன நூல்கள் இருபுறமும் வெளிவந்தன. கோயில் வழிபாட்டு முறைபற்றித் தில்லைத் தீட்சிதர்களோடும் நாவலருக்குப் பிணக்கு இருந்தது. இவ்விரு பகைகளும் பேரம்பலத்தில் ஒன்றுசேர்ந்தன.

அச்சிட்ட கண்டன நூல்களை இன்றும் எடுத்து வாசிக்கலாம். இன்னார் இன்ன பக்கத்தில் இன்ன சொல்லை எழுதினார் என்று விரல் வைத்துக் காட்டலாம். பேரம்பலத்தில் பேசியதற்கு அத்தகைய சான்று இல்லை. கேட்டவர்களின் நினைவே நீதிமன்றத்தில் சாட்சியமாயிற்று. கேட்டவர்களோ ஏற்கெனவே இரு பிரிவாகப் பிரிந்து நின்றவர்கள். தாம் நாவலரை இகழ்ந்து பேசவில்லை என அடிகளார் கூறினார் என்பதும், அவர்மேல் வைத்த குற்றச்சாட்டு நிற்கவில்லை என்பதும் பொதுவாகச் சொல்லப்படுவன. அதற்கு மேல் வரலாறு இரண்டாகப் பிரிகிறது. அடிகளார் நீதிமன்றத்துள் நுழைந்தபோது வழக்குத் தொடுத்த நாவலரே எழுந்து நின்றார் என்று வடலூர் மரபினர் கூறுவர். தீட்சிதர் ஒருவர் தண்டிக்கப்பட்டதையே நாவலர் சரித்திரம் எழுதியோர் எடுத்துக்காட்டுவர். 'நாவலர்' என்னும் பட்டப்பெயரைப் பிரித்து வேறு பொருள் காட்டி அடிகளார் சிலேடையாகப் பேசினார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. சிலேடை எங்கே முடிந்து வசை எங்கே தொடங்கியது என்பது குரலைக் கேட்டால் அல்லவா தெரியும்! ஒரே சொல்லை நகைத்துக்கொண்டும் சொல்லலாம், பல்லைக் கடித்துக்கொண்டும் சொல்லலாம். வழக்கு முடிந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இரு தரப்புக் கதைகளும் அருகருகே நடமாடுகின்றன.

எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை அமைத்தது 1877இல். பேரம்பலக் கூட்டத்திற்கு எட்டு ஆண்டுகள் கழித்து.

சைவர்களின் வழக்கில் நேர்ந்த இக்குறை நம் திருச்சபையின் வரலாற்றில் இன்னும் ஆழமாகவே உள்ளது. தரங்கம்பாடியில் சீகன்பால்கும் கிரண்ட்லரும் தமிழ்ப் பெரியோர்களோடு சமயம்பற்றி நடத்திய உரையாடல்கள் முப்பத்து நான்கு, 1719இல் லண்டனில் ஆங்கில நூலாக வெளியிடப்பட்டன. உரையாடல் நடந்த மொழி தமிழ், மிஷனெரிமார் அவற்றை எழுதி அனுப்பிய மொழி ஜெர்மன், அதிலிருந்து ஆங்கிலம். இரு முறை மொழிமாறிய பின்னர் அந்தப் பிராமணரின் அல்லது வைத்தியரின் வாய்ச்சொல்லில் எஞ்சியது எவ்வளவு? எதிராளியின் வாதத்தையும் சீகன்பால்க் எழுதிவைத்தாரே என்று நாம் அவரைப் போற்றுகிறோம், போற்றத்தக்கதுதான். ஆயினும் இறுதிச் சொல் பெரும்பாலும் எழுதியவருடையதாகவே அமைந்துவிடுவதை வாசிப்பவர் கவனிக்கவேண்டும்.

கடலூரில் 1737இல் மிஷன் பணி தொடங்கியது. 1740 முதல் அங்கிருந்த கீர்நாண்டர், 1758இல் பிரெஞ்சுப் படை நகரைக் கைப்பற்றியதால் கல்கத்தாவிற்குச் சென்றார். அக்காலத்துக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஹாலே நகருக்கு அனுப்பப்பட்டு அங்கு அச்சாயின. அவ்வறிக்கைகளில் உபதேசியார் வருகிறார்; எந்தக் கிராமத்துக்குச் சென்றார், யாருடன் பேசினார் என்ற விவரமும் வருகிறது. அவர் எப்படிப் பேசினார், எந்த உவமையைக் கையாண்டார், மறுத்தவர்களுக்கு என்ன பழமொழியால் விடையிறுத்தார் என்பவை மட்டும் வருவதில்லை. தமிழ்நாட்டில் சுவிசேஷம் பெரும்பாலும் இத்தகைய உபதேசிமாரின் நாவினாலேயே பரவியது. நாம் எழுதியுள்ள திருச்சபை வரலாறோ அவர்களை மேற்பார்த்தவர்களின் பேனாவினால் ஆனது. பிற்காலத்துச் சங்கக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளும் இத்தன்மையனவே. தீர்மானம் இருக்கும், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர் இருக்கும், தீர்மானத்திற்கு முந்தைய இரண்டு மணி நேர வாக்குவாதம் இராது.

இந்நாட்டின் ஆதி ஒலிப்பதிவுகளில் நம் வேதாகமத்திற்கு ஓரிடம் கிடைத்தது என்பதைப் பலர் அறியார். கிரியர்சனின் இந்திய மொழியளவைப் பணியில், மொழிகளை ஒப்பிடுவதற்கு மாதிரியாகக் கெட்ட குமாரன் உவமையே எடுத்துக்கொள்ளப்பட்டது. பின்னர் கிராமபோன் தட்டுகளில் பல மொழிகளின் குரலைப் பதிந்தபோதும் அவ்வுவமையையே சொல்லச் செய்தனர். சென்னை மாகாண அரசும் இதில் பங்கேற்று 1920களில் தமிழ் முதலிய மொழிகளில் தட்டுகளைச் செய்வித்தது. அவை இன்று எண்முறை வடிவில் கேட்கக் கிடைக்கின்றன. ஆனால் அது கருவிமுன் நின்று ஒப்புவித்த பேச்சு. சபை முன்னே இல்லாத பிரசங்கம் எப்படியோ அப்படி.

கூட்டத்தில் இயல்பாகப் பேசுவதைப் பிடிக்க, கருவி சுமந்து செல்லத்தக்கதாகச் சிறுக்கவேண்டியிருந்தது. ஜெர்மனியில் 1930களில் உருவான காந்த நாடாவும், 1950களில் வந்த தூக்கிச்செல்லும் டேப் ரெக்கார்டர்களும் அதற்கு வழிசெய்தன. 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை 1960களில் உயராய்வு மையமாக வளர்ந்தது. மொழியியலார் கிளைமொழிகளை ஆராய நாடாப் பதிவைக் கையாண்டனர். ஒரு தகவலாளியின் குரலைப் பதிந்தால் அவருடைய ஊர், வயது, பதிந்த நாள் ஆகியவற்றைக் குறிப்பது அவர்கள் துறையின் ஒழுங்கு. சிதம்பரத்தில் மொழிநூலார் பழகிய இவ்வொழுங்கு நம் மாநாட்டுப் பந்தல்களுக்கு வந்து சேரவில்லை என்றே சொல்லவேண்டும்.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை வெளியிட்ட பின்னர் ஒலிப்பதிவு குருமனைக்குள் நுழைந்தது. 1970களிலும் 1980களிலும் கன்வென்ஷன் செய்திகள் கேசட்டுகளாகக் கைமாறின. மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவுவின் கிராமியப் பாடல்கள் பரவியதிலும் கேசட்டிற்குப் பங்குண்டு. அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்திற்கு முப்பது நிமிடம். தொண்ணூறு நிமிடமாயின் நாற்பத்தைந்து. நம் பிரசங்கிகள் இந்த அளவை மதிப்பவர்கள் அல்லர். அக்காலக் கேசட்டுகளைக் கேட்டால், மூன்றாம் தலைப்பின் நடுவில் 'டக்' என்றொரு ஓசை, பிறகு மறுபக்கத்தில் வேறொரு வாக்கியத்தின் பாதி! ஓடிவந்து கேசட்டைத் திருப்பிய வாலிபரின் வேகத்தைப் பொறுத்தது இடையில் தொலைந்த இறையியல். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடித்தது. மேலுறையில் 'கன்வென்ஷன் - இரண்டாம் நாள்' என்று எழுதியிருக்கும். எந்த ஆண்டு, எந்த ஊர், யார் பேசினார் என்பது இராது. குரலை அடையாளம் காணத்தக்க மூத்தோர் மறைந்துவிட்டால் அக்கேசட்டு ஊமைதான்.

இன்றைய கருவிகளுக்குத் திருப்பவேண்டிய பக்கம் இல்லை. குறுந்தகட்டின் தரத்தில் ஒற்றைத் தடமாகப் பதிந்தால் ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 318 மெகாபைட்டுக்குள் அடங்கும். மூன்று நாள் மாநாடு முழுவதும் கட்டைவிரல் நகத்தளவு அட்டையில் அமர்ந்துவிடும். ஆனால் கருவியே சூட்டும் கோப்புப் பெயர் பெரும்பாலும் வெறும் எண்வரிசையாக இருப்பதால், பழைய கேசட்டு மேலுறையின் நோய் இங்கும் தொடர்கிறது. பதிவின் தொடக்கத்திலேயே பேசுபவர் பெயர், நாள், இடம், பொருள் ஆகியவற்றை வாயால் சொல்லிவைப்பது அரை நிமிட வேலை. குரலும் விவரமும் அதன்பின் பிரியா.

பதிவுசெய்யுமுன் பேசுபவரிடம் கேட்டுக்கொள்வது மரியாதை மாத்திரம் அன்று. 1908இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோர்மேல் திருநெல்வேலியில் நடந்த இராசத்துரோக வழக்கில், அவர்களுடைய மேடைப்பேச்சுகளே குற்றமாக வைக்கப்பட்டன. காவல் துறையினர் கேட்டுக் குறித்துக்கொண்டவை சாட்சியமாயின. பேச்சைப் பதிபவர் எப்போதும் நண்பராக இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. தன் ஊர்ச் சாதிக்கொடுமையைச் சாட்சியாக எழுந்து சொல்லும் ஒரு தாயின் குரல் யாரிடம் போய்ச் சேரும் என்று அவர் கேட்டால், அதற்கு விடை சொல்லத் தெரிந்தவரே கருவியை இயக்கவேண்டும். வேண்டாம் என்றால் நிறுத்திவிடவேண்டும்.

மற்றொன்றும் நாம் கண்டுவருவது. கட்டுரை வாசிக்கும்போது கருவி ஓடுகிறது. அக்கட்டுரை எப்படியும் அச்சில் வரப்போவதுதான். தலைவர் நன்றி கூறி, "கேள்விகள் இருந்தால் கேட்கலாம்" என்றவுடன் மின்கலத்தை மிச்சப்படுத்தக் கருவி நிறுத்தப்படுகிறது. பின்வரிசையிலிருந்து ஒரு கிராமச் சபையின் குருவானவர் எழுந்து, வாசிக்கப்பட்ட கட்டுரையைத் தம் அனுபவத்தால் அசைத்துப் பார்ப்பது அதற்குப் பிறகே. ஒலிபெருக்கி அவர் கைக்கு எட்டுவதில்லை. ஆகையால் கருவியை மேடைமேசையில் வைப்பதைவிட, ஒருவர் கையில் கொடுத்துக் கேட்பவர் அருகே கொண்டுபோகச் செய்வதே தக்கது. அப்பகுதியை மாணவர்கள் இருவர் ஒரு வாரத்துக்குள், நினைவு பசுமையாக இருக்கும்போதே, பேச்சுவழக்கைத் திருத்தாமல் எழுதியெடுத்து, பதிவின் ஒரு படியோடு கல்லூரி நூலகத்தில் ஒப்படைத்துவிடலாம்.