மாணவியின் முறைப்பாடு: எழுதப்படாத ஒரு வரலாறு

மலர்களில் நாம் வழக்கமாக எழுதுவது கட்டடங்களின் வரலாற்றையும் அதிபர்களின் வரலாற்றையும்தான். எந்த ஆண்டில் மண்டபம் எழுந்தது, எப்போது விஞ்ஞான ஆய்வுகூடம் வந்தது, வலைப்பந்தாட்டத்தில் எந்த அணி கிண்ணம் வென்றது என்பனவெல்லாம் இம்மலரின் வேறு பக்கங்களில் உள்ளன. பெண்பிள்ளைகளுக்கான ஒரு கல்லூரியின் நூறாண்டைச் சொல்லும்போது இன்னொரு வரலாறும் சேர வேண்டும் என்று எமக்குப் பட்டது. தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையையோ, பெண் என்பதால் காட்டப்பட்ட பாரபட்சத்தையோ ஒரு மாணவி சொல்ல வந்தபோது கல்விக்கூடங்கள் என்ன செய்தன என்ற வரலாறு அது.

இதற்கு ஆவணம் குறைவு. அதிபர்களின் சம்பவத் திரட்டுப் புத்தகங்களில் பரிசளிப்பு விழாக்களும் வித்தியாதரிசிகளின் வருகைகளும் பதிவாகியிருக்கும், இது பதிவாகியிராது. எம்மில் மூத்தவர்கள் படித்த காலத்தில் இதற்குத் தனியொரு சொல்லே இருக்கவில்லை. "சேட்டை" என்பார்கள். கொஞ்சம் கடுமையாகச் சொன்னால் "அங்கசேட்டை". பெரிய வகுப்பு அக்காமார் சின்னவர்களிடம், "அந்த மாஸ்டரிட்டத் தனியப் போகாதேங்கோ" என்று காதோடு சொல்லி வைப்பார்கள். அன்றைக்கு எமக்கிருந்த பாதுகாப்பு ஏற்பாடு அவ்வளவுதான். அது ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு ஒழுங்காகக் கையளிக்கப்பட்டும் வந்தது.

ஆங்கிலத்திலும் இதற்கான சொல் பழையதன்று. 1975 இல் அமெரிக்காவின் இத்தாக்கா நகரில், கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தொல்லை தாங்காமல் வேலையை விட்ட ஒரு பெண் ஊழியருக்காகக் கூடிய பெண்களே "பாலியல் துன்புறுத்தல்" என்பதைக் குறிக்கும் சொல்லைப் பொது வழக்குக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து யேல் பல்கலைக்கழக மாணவிகள் வழக்கொன்று தொடுத்தார்கள். முறையிடுவதற்கு எம் பல்கலைக்கழகத்தில் ஓர் ஒழுங்கே இல்லை, அது இல்லாதிருப்பதே பெண்களுக்கு எதிரான பாரபட்சம் என்பது அவர்கள் வாதம். 1972 இல் அங்கு வந்த சட்டம் ஒன்று, அரச பணம் பெறும் கல்விக்கூடங்களில் பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுத்திருந்தது. அதையே அவர்கள் ஆதாரமாகக் கொண்டார்கள். 1980 இல் மேன்முறையீட்டிலும் வழக்கு தோற்றது. ஆனால் அதற்குள் யேல் ஒரு முறைப்பாட்டு ஒழுங்கை ஏற்படுத்திவிட்டது. பிற பல்கலைக்கழகங்களும் பின்தொடர்ந்தன. தோற்ற வழக்கொன்று இவ்வளவு பயன் தந்ததை நாம் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

இங்கே சட்டம் வேறு வழியாக வந்தது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 345 ஆம் பிரிவு, பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்குடன் அவள்மீது பலாத்காரம் பிரயோகிப்பதைப் பற்றியது. பேச்சால் செய்யப்படும் தொல்லை அதற்குள் அடங்கவில்லை. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அப்பிரிவையே மாற்றி எழுதியது. சொல்லாலோ செயலாலோ செய்யப்படும் பாலியல் தொந்தரவு குற்றமானது. அதிகாரத்தில் உள்ள ஒருவர் வேலைத்தலத்திலோ வேறெந்த இடத்திலோ விரும்பத்தகாத முறையில் அணுகுவதும் குற்றம் என்று விளக்கமும் சேர்ந்தது. தண்டனை ஐந்து ஆண்டுகள் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். ஆசிரியரும் விரிவுரையாளரும் விடுதிப் பொறுப்பாளரும் "அதிகாரத்தில் உள்ளவர்" என்பதற்குள் வருவர். சட்டம் வந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அப்படியொரு பிரிவு இருப்பது எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பல்கலைக்கழகங்களில் இது பகிடிவதை என்ற போர்வைக்குள் நெடுங்காலம் ஒளிந்திருந்தது. 1975 இல் பேராதனையில் இராமநாதன் விடுதியின் மேல்மாடியிலிருந்து ஒரு மாணவி பகிடிவதைக்குத் தப்பக் குதித்து, நடக்க இயலாதவரானார். நாடு அதிர்ந்தது; ஆயினும் தனிச் சட்டம் வரவில்லை. 1997 இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் ஒரு தமிழ் மாணவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்த பிறகே, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. பகிடிவதைக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை. அதன்போது பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ விளைவித்தால் பத்து ஆண்டுகள் வரை. இடையில் கழிந்த 23 ஆண்டுகளில் விடுதிகளுக்குப் போன எம் சகோதரிகளை நினைத்துப் பார்க்கிறோம். இன்று அரச பல்கலைக்கழகங்களில் பாலின சமத்துவ அலகுகள் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையவழியில் நேரடியாக முறையிடவும் வழியுண்டு. பிள்ளை தன் பீடாதிபதியைத் தாண்டிப் போகலாம் என்பதே பெரிய மாற்றம்.

அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரையும் உண்டு. பால் காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது அது. அரச பாடசாலையோ அரச பல்கலைக்கழகமோ அதை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். ஒரு மாதம்! அதிர்ச்சியிலிருந்து மீண்டு தாயிடம் சொல்லவே பிள்ளைக்கு அதைவிட அதிக நாள் எடுக்கும். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் தந்த இந்த வசதியைச் சட்டத்தரணிகள் அறிவர், பெற்றோர் அறியார். அரச சார்பற்ற கல்லூரிகளுக்கு இவ்வழி பெரும்பாலும் திறப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சட்டங்கள் இருந்தும் கல்விக்கூடங்கள் பழகிய வழக்கம் ஒன்று மாறவில்லை. முறைப்பாடு வந்தால் யாரையாவது இடம் மாற்றுவது அந்த வழக்கம். சில வேளை ஆசிரியருக்கு இடமாற்றக் கடிதம் வரும். அவர் போகும் இடத்திலும் பெண்பிள்ளைகள் படிப்பார்கள். பல வேளை மாணவியே விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு போவாள். விசாரித்து, எழுதி, முடிவு சொல்வதைவிட இது இலகு. கல்லூரியின் பெயரும் கெடாது.

எமது வத்தளையிலிருந்து பாலம் கடந்து எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் தினமும் படிக்கப் போகும் கொட்டாஞ்சேனையில், 2025 ஏப்ரல் 29 ஆந் திகதி 16 வயது மாணவி ஒருவரை இழந்தோம். அவர் முன்பு படித்த கொழும்புப் பாடசாலையின் ஆசிரியர் ஒருவர்மீது பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டு எழுந்திருந்தது. மாணவி கொட்டாஞ்சேனையில் வேறு பாடசாலைக்கு மாறினார். ஆசிரியரும் வேறு பாடசாலைக்கு மாற்றப்பட்டார். குற்றம் நடந்ததா என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். நாம் அதற்குள் போகவில்லை. இருவரும் இடம் மாறினார்கள் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறோம். மே மாதத்தில் பெற்றோரும் மாணவரும் கொழும்பு வீதிகளில் இறங்கினார்கள், நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது, ஆசிரியர் கட்டாய விடுமுறையில் அனுப்பப்பட்டார். அந்தப் பிள்ளையின் பெயரை இங்கு எழுதவில்லை. பத்திரிகைகளும் முகநூலும் அப்பெயரை வேண்டிய மட்டும் எழுதிவிட்டன.

குழு அமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவோர்க்கும் ஒரு செய்தி. இந்தியாவில் 1997 இல் விசாகா வழக்கில் உயர் நீதிமன்றம் முறைப்பாட்டுக் குழுக்களை வலியுறுத்தியது. 2013 இல் சட்டமும் வந்தது. எம்மில் பலர் நடனம் பயிலப் போன சென்னைக் கலாக்ஷேத்திராவிலும் குழு இருந்தது. குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரமில்லை என்று நிறுவனம் முதலில் சொன்னது. 2023 மார்ச் இறுதியில் மாணவர் வளாகத்தில் அமர்ந்து போராடிய பிறகு, ஏப்ரலில் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் வெளிக் குழு விசாரித்தது. குழுவில் இருப்போர் எல்லாரும் நிறுவனத்தின் சம்பளத்திலோ தயவிலோ இருந்தால், மாணவி அங்கு போய்ச் சொல்லத் தயங்குவாள்.

இன்னொரு வகைக் கையாளலும் உண்டு. தொல்லை என்று சொன்னால் விடுதிக் கதவை ஆறு மணிக்கே பூட்டுவார்கள், நூலகத்துக்குப் போகாதே என்பார்கள். 2015 இல் டில்லியில், மாணவிகள் இரவில் தாமதித்து வரும் அனுமதியை ஒரு பல்கலைக்கழகம் நிறுத்தியபோது எழுந்த "பிஞ்ச்ரா தோட்" இயக்கம் இதைத்தான் கேள்வி கேட்டது. கூண்டை உடை என்பது அப்பெயரின் பொருள். தொல்லை கொடுத்தவன் நூலகத்தில் இருக்க, கொடுக்கப்பட்டவள் வீட்டில் இருப்பது பாரபட்சம் இல்லையென்றால் வேறென்ன? எம் வீடுகளிலும் இதே நீதிதான். பஸ்ஸில் தொல்லை என்று சொன்ன பிள்ளையின் ரியூசன் நின்றுபோகும். இலங்கையில் பஸ்களிலும் ரயில்களிலும் 100 பெண்களில் 90 பேர் தொல்லைக்கு உள்ளானதாகவும், பொலிஸுக்குப் போனவர்கள் 4 பேர் மட்டுமே என்றும் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு சொன்னது. வெளியில் சொன்னால் படிப்பு போய்விடும் என்று தெரிந்த பிள்ளை எதற்காகச் சொல்ல வேண்டும்?

இக்கட்டுரைக்காக எமது கல்லூரியின் மாணவர் கையேட்டையும் எடுத்துப் பார்த்தோம். சீருடையின் நீளம், பின்னலுக்குக் கட்டும் ரிப்பனின் நிறம், சப்பாத்தின் வகை, பிந்தி வந்தால் எங்கே நிற்க வேண்டும் என்பவை எழுதப்பட்டுள்ளன. ஆசிரியர் மீதோ அலுவலர் மீதோ முறைப்பாடு இருந்தால் யாரிடம் போவது என்று ஒரு வரியும் இல்லை. அடுத்த ஆண்டுக்கான கையேடு அச்சுக்குப் போகுமுன் ஒரு பக்கம் சேர்க்கும்படி சங்கத்தின் சார்பில் அதிபரிடம் கேட்டிருக்கிறோம். முறைப்பாட்டைப் பெறும் இருவரின் பெயர்கள் அதில் இருக்கும்; ஒருவர் கல்லூரிக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும். முறையிட்டதற்கு எழுத்தில் ஒரு பற்றுச்சீட்டு தரப்படும். விசாரணை முடியும்வரை மாணவி அதே வகுப்பில், அதே கதிரையில் இருந்து படிப்பாள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் பெரிய எழுத்தில் வரும். அச்சுச் செலவைச் சங்கம் ஏற்கும். வெளிப் பொறுப்பாளராகப் பணியாற்ற விரும்பும் சட்டத்தரணிகளும் உளவளத்துணையாளர்களும், கொழும்பில் இருந்தாலும் ரொறன்ரோவில் இருந்தாலும், செயலாளருக்கு எழுதுங்கள்.