'ஹஸி': ஒரு வசைச்சொல்லின் வரலாறு

அடக்கமில்லாத பெண்ணை ஏச ஆங்கிலத்தில் வழங்கிய சொல் 'ஹஸி'. 16ஆம் நூற்றாண்டில் அது வசையல்ல. 'ஹவுஸ்வைஃப்' என்பதன் மருவிய வடிவமாக, இல்லத்தரசியையே குறித்தது. அடுத்த நூற்றாண்டிலேயே இழிசொல்லாயிற்று. 'ஹஸ்பண்ட்' என்ற சொல்லும் வீட்டுத் தலைவன் என்ற பொருளில் வந்ததுதான்; அதற்கு இந்தக் கதி நேரவில்லை.

'போல்ட்' என்ற சொல்லும் அவ்வாறே. படைவீரனுக்கு அது புகழ்ச்சி. பெண்ணுக்கோ பல வேளைகளில் கண்டனம்.

வெட்கமற்ற துடுக்கைக் குறிக்கும் 'இம்பியூடன்ட்' என்பதன் வேர், நாணுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினை. அதே வேரிலிருந்து பிறந்த 'பியூடென்டல்' என்ற பெயரை இடுப்பறை நரம்பொன்றுக்கு இட்டிருப்பதை மருத்துவக் கல்லூரியில் படித்தேன். வெட்கத்தை உடலுக்குள்ளும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

வகுப்பில் எழுந்து கேள்வி கேட்டதற்காக 'வாயாடி' என்று பெயர் வாங்கியவர்கள் நம்மிலும் உண்டு. நம் பிள்ளைகள் கேட்கும்போது அந்தப் பெயரை நாம் சூட்டாதிருப்போம்.