அந்நிய மண்ணில் அர்மேனியத் திருச்சபை: லிவிவும் சென்னையும்

இடைக்காலப் போலந்தின் பிரபுக்களைப் பற்றி நம் இறையியல் மாணவர் அதிகம் பயில்வதில்லை. ஆயினும், குடிபெயர்ந்தோர் திருச்சபைகளின் வரலாற்றை ஆராயப் புகும் நாம் அவர்களிடமிருந்தே தொடங்குதல் நலம். 1413-ம் ஆண்டில் செய்யப்பட்ட ஹொரொத்வோ உடன்படிக்கையின்படி, போலந்துப் பிரபுக் குடும்பங்கள் 47 லித்துவேனியக் குடும்பங்களுக்குத் தம் குலச்சின்னங்களை அளித்து, அவர்களை உறவினராக ஏற்றன. ஆனால் அவ்வுரிமை உரோமைத் திருச்சபையாருக்கே கிட்டியது. கீழைத் திருச்சபையார் புறம்பே நின்றனர். மேட்டுக்குடியின் தயவுக்கு விலை இருந்தது என்பது தெளிவு.

அதே அரசில், இன்று உக்ரேனிலுள்ள லிவிவ் நகரில் குடியேறிய அர்மேனிய வணிகரின் நிலை வேறு. மூன்றாம் கசிமீர் மன்னர் 1356-ல் வழங்கிய சாசனம் அவர்கள் தங்கள் வழக்கப்படி வாழ இடமளித்தது. 1363-ல் பேராலயம் எழுந்தது. எனினும் 1630-ல் பேராயர் தொரொசோவிச், சபையாரில் பலர் எதிர்த்தும், உரோமையோடு இணைந்தார். காலப்போக்கில் அம்மக்களின் பேச்சுமொழியும் போலந்து மொழியாயிற்று.

அர்மேனியர் நம் சென்னைக்கும் வந்தனர். ஈரானின் ஜூல்ஃபாவிலிருந்து வந்த அவ்வணிகர், 1712-ல் ஓர் ஆலயம் எழுப்பினர். அர்மேனியன் தெருவில் இன்று நாம் காணும் ஆலயம் 1772-ல் கட்டப்பட்டது. உலகின் முதல் அர்மேனியப் பருவ இதழாகிய 'அஸ்தாரார்' 1794-ல் வெளிவந்தது இச்சென்னையிலேதான். அதை நடத்திய குருவானவர் ஹாருத்யுன் ஷ்மாவோனியானின் கல்லறை அவ்வாலய வளாகத்தில் உள்ளது. ஆனால் இவ்வளவு எழுத்தும் அர்மேனியருக்காகவே எழுந்தது. வழிபாடும் அவ்வாறே. தமிழர் அவ்வாலயத்திற்குள் அயலாராகவே நின்றனர். வணிகர் குறைந்தபோது சபையும் குறைந்தது. இன்று அங்கே வழக்கமான சபை இல்லை.

அவர்களுள் ஒருவரை மட்டும் நாம் தனித்து நோக்கவேண்டும். கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் செல்வந்தர், 1726-ல் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலம் அமைத்தார். பரங்கிமலைக்குப் படிகளும் கட்டினார். வேப்பேரியில் அவர் பேணிய சிற்றாலயத்திலேயே 1751-ல் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டே ஆங்கில அரசு அவ்வாலயத்தைக் கத்தோலிக்கரிடமிருந்து எடுத்து, பப்ரிசியுஸ் ஐயரின் மிஷனுக்குக் கொடுத்தது. அது நாம் பெருமையோடு கூறத்தக்க செயலன்று. அரசின் வலிமையால் கிடைத்த ஆலயம் அது. ஆயினும் பப்ரிசியுஸ் அங்கே தங்கித் தமிழ் வேதாகமத் திருத்தத்திலும் அகராதிப் பணியிலும் உழைத்தார். 1761-ல் புதுச்சேரியில் ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறியும் வேப்பேரிக்கு வந்து சேர்ந்தது.

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்திலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூர் செல்லும் நம் சபையார், அங்கே தமிழ் ஆராதனையை நாடுகின்றனர். அது இயல்பே, அந்நிய ஊரில் தாய்மொழி ஜெபம் ஆறுதல் தருவது. எனினும் அவர்தம் போதகர்கள், பக்கத்து வீட்டுக் கன்னடரோடு அச்சபைக்கு என்ன உறவு என்று கேட்டதுண்டா? திருவண்ணாமலைப் பகுதிக்கு வந்த டேனிஷ் மிஷனரிகள் தமிழ் கற்றே பிரசங்கித்தனர். ஆற்காடு லுத்தரன் திருச்சபை அப்படி வேரூன்றியதே. உஸ்கானின் பாலமோ எல்லா மதத்தாரும் கடந்து சென்ற வழியாயிற்று. பழைய பாலம் மாற்றப்பட்டு, இன்று அவ்விடத்திலுள்ள பாலம் மறைமலை அடிகள் பெயரைத் தாங்கி நிற்கிறது.