டிக்கியில் இருக்கும் வரை: 926ஏ பிரிவுக்கு ஓர் உரை

அமெரிக்காவில் துப்பாக்கி உரிமம் பெற்றவர்களில் பலர் ஒன்றோடு நிறுத்துவதில்லை. இடுப்பில் ஒன்று, கணுக்கால் உறையில் சிறிதாக இன்னொன்று, அதுவும் போதாமல் காரில் ஒன்று. முதல் துப்பாக்கி சுடாமல் சிக்கிக்கொண்டாலோ, கையைவிட்டுப் போனாலோ இரண்டாவது உயிரைக் காக்கும் என்பது போலீஸ்காரர்களிடம் நெடுங்காலமாக உள்ள எண்ணம். அது பொதுமக்களுக்கும் பரவிவிட்டது. சொந்த மாநிலத்துக்குள் இதற்கு எவ்வளவு இடம் உண்டென்பதை அந்த மாநிலமே தீர்மானிக்கும். எல்லையைத் தாண்டும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. ஒரு மாநிலம் தந்த உரிமத்தை அடுத்த மாநிலம் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படி ஏற்கச் சொல்லும் மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் நின்றுபோனது. பொது இடத்தில் துப்பாக்கி ஏந்துவது அரசமைப்பு தந்த உரிமை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் இந்த நிலை மாறவில்லை.

அதனால், காரில் துப்பாக்கியோடு பல மாநிலங்களைக் கடக்கும் சாதாரணக் குடிமகன் நம்பக்கூடியது கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பில் உள்ள 926ஏ என்ற பிரிவு. 1986-இல் ரீகன் கையெழுத்திட்ட துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தோடு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் இன்றைய வடிவம் பெற்றது. மொத்தமும் ஒரே நீண்ட வாக்கியம்தான். அதன் கருத்தைத் தமிழில் தந்து, பகுதி பகுதியாகப் பார்க்கிறேன்.

எந்த மாநிலத்தின் அல்லது அதன் உட்பிரிவின் சட்டமும் விதியும் வேறு எவ்வாறு கூறினாலும்…

நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற கடுமையான மாநிலங்களின் சட்டத்துக்கு மேலாக நிற்கும் சொற்கள் இவை. ஆனால் சாலையோரத்தில் காரை நிறுத்திச் சோதிக்கும் காவலர் முன்னால் இவற்றுக்கு அவ்வளவு பலம் கிடையாது. பெரும்பாலும் கைது முதலில் நடக்கும், இந்தப் பிரிவு பிறகு நீதிமன்றத்தில்தான் பேசும். தவறாகக் கைது செய்தார்கள் என்று இப்பிரிவைக் காட்டி இழப்பீடு கேட்கவும் முடியாது என்று நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது.

இந்த அத்தியாயத்தால் தடைசெய்யப்படாத எவரும்…

ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர், சட்டவிரோதப் போதைப்பொருள் பழக்கம் உள்ளவர் என்று தடைப்பட்டியல் நீள்கிறது. அங்கே வாழும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி அதில் உண்டு. ஹெச்-1பி போன்ற குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். கிரீன் கார்டு வாங்கியவருக்கு இந்தத் தடை இல்லை.

தான் சட்டப்படி வைத்திருக்கவும் ஏந்தவும் கூடிய ஓரிடத்திலிருந்து அத்தகைய இன்னோர் இடத்துக்கு, சட்டத்துக்கு உட்பட்ட எந்த நோக்கத்துக்காகவும் துப்பாக்கியைக் கொண்டுசெல்ல உரிமை உடையவர்…

புறப்படும் ஊர், போய்ச் சேரும் ஊர் இரண்டிலும் உரிமை இருக்க வேண்டும். இடையில் உள்ள மாநிலங்களைக் கடந்துபோகத்தான் இந்தப் பாதுகாப்பு. 2013-இல் பென்சில்வேனியா உரிமம் பெற்ற ஒரு தாய் நியூ ஜெர்சிக்குள் காரோட்டிப் போனார். போக்குவரத்துச் சோதனையில், கைப்பையில் துப்பாக்கி இருக்கிறது என்று தாமாகவே காவலரிடம் சொன்னார். அந்த உரிமம் அங்கே செல்லாது. துப்பாக்கியில் தோட்டாவும் இருந்தது. கட்டாயச் சிறைத்தண்டனையின் விளிம்பு வரை போன அவரை, 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியின் மன்னிப்பு காப்பாற்றியது. ஒளிவுமறைவு இல்லாத ஒரு பெண்ணை இப்படி அலைக்கழித்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் 926ஏ அவருக்குத் துணைவரவில்லை என்பதும் உண்மை.

பயணத்தின்போது துப்பாக்கியில் தோட்டா இல்லாமலும், துப்பாக்கியோ தோட்டாவோ எளிதில் கைக்கு எட்டாமலும், பயணிகள் அமரும் பகுதியிலிருந்து நேரே எடுக்க முடியாமலும் இருந்தால்…

பிரிவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் சட்டென்று கைக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் ஒருவர் இரண்டாவது துப்பாக்கியே வைத்துக்கொள்கிறார். சட்டென்று கைக்கு வரக்கூடாது என்பதுதான் இந்தச் சட்டத்தின் நிபந்தனை. கணுக்காலில் இருப்பதும், இருக்கைக்கு அடியில் இருப்பதும், கதவின் பையில் இருப்பதும் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே போய்விடுகின்றன. இந்தச் சட்டத்தின் கண்ணில், வழியில் இருக்கும் வரை துப்பாக்கி வெறும் சாமான். தற்காப்பை நினைத்து இந்தப் பிரிவைப் படிப்பவர்கள் தவறும் இடம் இது.

நீதிமன்றங்களும் இதைக் கறாராகவே படித்திருக்கின்றன. யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் போன ஒருவர், 2005-இல் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. துப்பாக்கி இருந்த பெட்டி அவரோடு ஹோட்டல் அறைக்குப் போனது. மறுநாள் காலை விமான நிலையத்தில் முறைப்படி அதைத் தெரிவித்தபோது கைதானார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. அவர் தொடுத்த வழக்கிலோ, அந்த இரவு துப்பாக்கி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததால் இந்தப் பிரிவு அவரைக் காக்காது என்று மூன்றாம் வட்ட நீதிமன்றம் 2010-இல் கூறிவிட்டது. இப்படி மாட்டிக்கொண்டவர், பெட்டியை வாங்கும் முன்பே விமான நிலையக் காவலர்களிடமோ ஊழியர்களிடமோ போயிருக்கலாம் என்றது. கடினமான தீர்ப்புதான். ஆனாலும் வாசகத்தை நீதிபதிகள் மீறவில்லை.

தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க் சட்டத்தில், துப்பாக்கியும் அதற்குப் பொருந்தும் தோட்டாவும் ஒருவரிடம் ஒருசேர இருந்தாலே அது தோட்டா நிரப்பிய துப்பாக்கி. வெறும் துப்பாக்கிதானே என்று அங்கே வாதாட முடியாது.

ஓட்டுநர் பகுதியிலிருந்து தனியான பகுதி இல்லாத வண்டியானால், டாஷ்போர்டு பெட்டியோ நடுக் கன்சோலோ அல்லாத, பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

டிக்கி தனியாக உள்ள கார்களுக்கு முந்தைய பகுதியே போதும். எஸ்யூவி, வேன், ஹேட்ச்பேக் ஓட்டுபவர்களுக்கு இது. டாஷ்போர்டு பெட்டியைப் பூட்டி வைத்தாலும் செல்லாது.

இவ்வளவு சொல்லும் வாக்கியம், நிறுத்திவிட்டுப் போகும் காரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 2015 ஜூன் இறுதியில் சான் பிரான்சிஸ்கோ தெருவில் நின்ற ஒரு காரிலிருந்து, கூட்டாட்சி நில நிர்வாகத் துறைக் காவலர் ஒருவரின் துப்பாக்கி திருடு போனது. நான்கு நாள் கழித்து, கடற்கரை மேடையில் தந்தையோடு நடந்துகொண்டிருந்த 32 வயதுப் பெண்ணின் உயிரை அதே துப்பாக்கியிலிருந்து வந்த தோட்டா பறித்தது. பயிற்சி பெற்றவரின் காரிலிருந்தே இது நடந்தது. அதன் பிறகு கலிபோர்னியா, ஆளில்லாத வண்டியில் விடும் கைத்துப்பாக்கியைப் பூட்டி, கண்ணில் படாதபடி வைக்கும் கடமையைக் காவல்துறையினருக்கும் விரிவாக்கியது. 2017 முதல் அது நடப்பில் உள்ளது. 2017-க்கும் 2021-க்கும் இடையே நாடு முழுவதும் தனியாரிடமிருந்து திருடு போனதாகப் பதிவான துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கும் மேல்.

துணைக்கு என்று காரிலேயே நிரந்தரமாக ஒரு துப்பாக்கியை விட்டுவைக்கும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உடம்போடு இருப்பதற்கு ஒருவர் காவல் உண்டு. இரவெல்லாம் தெருவில் நிற்கும் காருக்கு ஒரு கண்ணாடிதான் காவல். 926ஏ உங்களைச் சிறையிலிருந்து காக்கலாம். உங்கள் துப்பாக்கியிடமிருந்து இன்னொருவரைக் காக்காது. பயணம் முடிந்ததும் அதை வீட்டுக்குள் எடுத்துச் சென்று பெட்டகத்தில் பூட்டுங்கள்.